சங்கரநயினார் கோயிற் சீமையும் பாளையப் போரும்

தென்பாண்டி நாட்டின் மேல்பால் விளங்கும் சங்கரன்கோவில், பழைய ஆவணங்களிற் சங்கரநயினார் கோயில் என வழங்கப்பெறுவது. சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர், சிவபெருமான் பெரியரோ திருமால் பெரியரோ என்று தம்முள் வழக்கிட்டனர். அவ்வழக்கைத் தீர்த்தருளும்பொருட்டு அன்னை கோமதியம்மை தவமிருந்தாள். அத்தவத்திற்கு இரங்கி இறைவன் ஒரு திருமேனியில் இருபாதியாய்க் காட்சி நல்கினான். உக்கிர பாண்டியர் திருக்கோயில் எடுப்பித்தார். ஆடித்தபசுக்கு வரும் அன்பர் ஒவ்வொருவரும் இவ்வளவும் அறிவர். புற்று மண்ணைத் திருநீற்றோடு நெற்றியிலணிந்து செல்லும் சிறுபிள்ளையும் அறியும்.

ஆயின், இத்திருக்கோயிலைச் சூழ்ந்த நிலம் 1755 முதல் 1767 வரை பன்னிரண்டு ஆண்டுகள் போர்க்களமாயிருந்த வரலாற்றை நம்மவர் அரைகுறையாகவே அறிந்துள்ளனர். அதனை எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் எதிரிகள். இத்தனை பீரங்கி, இத்தனை சிப்பாய், இத்தனை ரூபாய்த் திறை என்று அவர்கள் கணக்கெழுதினார்களேயன்றி, அப்போரில் கோயில்களுக்கு இருந்த இடத்தை அவர்கள் பொருட்படுத்தினாரல்லர். அவர்தம் கணக்கின் ஓரத்தில் போகிறபோக்கில் குறிக்கப்பெற்ற செய்திகளே நமக்கு நடுவான செய்திகளாய் அமைகின்றன.

முதற்கண் நிலத்தை அறிதல் வேண்டும். சங்கரன்கோவிலைச் சூழ ஐம்பூதத் தலங்கள் உள. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் தீ, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் வெளி. சிவராத்திரியில் இவ்வைந்தையும் ஒருங்கே வழிபடச் செல்லும் அடியார்கள், தாம் நடக்கும் நிலம் படைகள் நடந்த நிலம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தேவதானத்து இறைவனுக்கே நச்சாடை தவிர்த்தருளியவர் என்பது திருநாமம். சோழன் ஒருவன் பாண்டியனுக்கு நஞ்சு தோய்ந்த ஆடையை அனுப்பினான் என்றும், அதன் கொடுமையை இறைவன் தவிர்த்தருளினான் என்றும் தலவரலாறு கூறும். கிரேக்கர் கதையிலும் ஒரு நச்சாடை உண்டு. அதை உடுத்த எரக்கிளீசு என்னும் பெருவீரன் உடல் வெந்து மாண்டான், காப்பார் இல்லை. போர் என்பது களத்தில் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இச்சீமையில் கோயிலின் பெயரே சான்றாய் நிற்கின்றது.

போர்க்காலத்தில் படைகள் கோயிலை நாடியதற்குக் காரணம் பக்தி அன்று. உயர்ந்த மதில், உள்ளே வற்றாத திருக்குளம், ஆயிரவர் தங்கும் மண்டபம், நெற்களஞ்சியம், நாற்றிசையும் நோக்க வாய்ப்பான கோபுரம் ஆகிய இத்தனையும் ஓரிடத்தில் ஆயத்தமாய் இருக்க, படைத்தலைவன் புதிதாய்க் கோட்டை கட்டுவானேன்? 1752ஆம் ஆண்டில் திருவரங்கப் பெருங்கோயிலும் திருவானைக்காவும் பிரெஞ்சுப் படைக்கும் சந்தா சாகிபு படைக்கும் பாசறையாயின. அவ்வாண்டு ஜூன் திங்களில் பிரெஞ்சுத் தளபதி லா அங்கேயே ஆங்கிலேயரிடம் சரணடைந்தான். 1758இல் தஞ்சைமேற் சென்ற லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி, தேவாரப் பாடல் பெற்ற கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்குமென்று நம்பி அகழ்ந்து பார்த்தான். கிடைத்தவை செம்புத் திருமேனிகளே. ஒற்றரென ஐயுற்று அந்தணர் அறுவரைப் பீரங்கி வாயிற் கட்டிச் சுட்டான். பிற்காலத்தில் அவனையும் அவனுடைய நாட்டார் பாரீசில் தலைவெட்டிக் கொன்றனர். அதற்கு முன்னரே, 1648 அளவில், உலாந்தர் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்து அரணாக்கினர். அவர்கள் கொண்டுசென்று கடலிலிட்ட சண்முகர் திருமேனியை 1653இல் வடமலையப்ப பிள்ளை மீட்டுவந்து எழுந்தருளச் செய்த வரலாற்றைத் திருநெல்வேலிச் சீமையில் அறியாதார் இலர்.

திருமேனி மீட்ட வேறொரு வரலாறும் உண்டு. அதனை அறிந்தார் சிலரே. அது சங்கரன்கோவிற் சீமையோடு தொடர்புடையது.

1755ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலக் கும்பினியார், ஆர்க்காட்டு நவாபு முகமதலிக்காகத் திறை தண்டும்பொருட்டுக் கர்னல் ஹெரான் என்பவனைத் திருச்சிராப்பள்ளியினின்று தெற்கே அனுப்பினர். உடன் சென்றவை ஐரோப்பியச் சிப்பாய்கள் 500 பேரும் நாட்டுச் சிப்பாய்கள் 2,000 பேரும் கொண்ட படை. நவாபின் தமையன் மாபூசுகான் தன் குதிரைப்படையோடு கூடவந்தான். நாட்டுச் சிப்பாய்களின் தலைவராய் வந்தவர் முகம்மது யூசுபுகான். பின்னாளில் மதுரையை ஆண்ட கான்சாகிபு இவரே. மதுரை எளிதில் வசமாயிற்று. அங்கிருந்து தப்பிய பட்டாணித் தலைவன் ஒருவன் மதுரைக்குக் கிழக்கேயுள்ள கோயில் ஒன்றினுட் புகுந்தான். கோயில்குடி என்று ஆங்கில நூல்கள் அவ்விடத்தைக் குறிக்கின்றன. திருமோகூரே அது என்பர் ஆய்ந்தோருட் சிலர். மதில் ஏற ஏணி இல்லை. கதவைத் தகர்க்கப் பெரும் பீரங்கியும் இல்லை. வைக்கோற் கட்டுகளைக் கதவோடு சார்த்திக் கொளுத்துவதென முடிவாயிற்று. முதற் பந்தத்தை ஹெரானே தன் கையால் ஏந்திச் சென்றான்; இரண்டாவது பந்தத்தை ஏந்தியவர் யூசுபுகான். இராபர்ட் ஓர்ம் எழுதிய கும்பினிப் போர் வரலாற்றிற் காணும் செய்தி இது.

கதவு எரிந்தது. உள்ளிருந்தோர் வாளுக்கு இரையாயினர். கொள்ளையில் அகப்பட்டவற்றுள் சிறுசிறு செம்புத் திருமேனிகள் பல இருந்தன. அவற்றை மூட்டையாய்க் கட்டிப் படைச்சுமையோடு சேர்த்தனர். அத்திருமேனிகளை அந்நாட்டுக் கள்ளர் பெருமக்கள் தனிப்படப் போற்றி வழிபட்டனர் என்று ஓர்ம் எழுதுகின்றார். அம்மூட்டைகள் வண்டியிற் கிடக்கவே படை திருநெல்வேலி நோக்கி நடந்தது. நேர்ந்த இடங்களில் நேர்ந்ததைப் பிடுங்கிக்கொண்டும், நெல்லைக்குத் தெற்கே நாட்டக்கோட்டையில் குடிமக்கள் ஏறத்தாழ 400 பேரைக் கொன்றும் அப்படை மேற்கே திரும்பி நெற்கட்டுஞ்செவ்வலை அடைந்தது.

நெற்கட்டுஞ்செவ்வல் சங்கரன்கோவிலுக்கு அணித்தே உள்ள பாளையம். அதன் தலைவர் பூலித்தேவர். மேற்குப் பாளையத்தார் அனைவரும் அவர் சொல் கேட்டு ஒன்றாய் நின்றனர். ஹெரான் கோட்டைமுன் நின்று 20,000 ரூபாய் திறை கேட்டான். பூலித்தேவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. வந்த படையிடம் கோட்டையைப் பிளக்கும் பெரும் பீரங்கி இல்லை என்பதும், சிப்பாய்கள் களைத்துப் பசித்திருந்தனர் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. பகைவனுடைய வலிமையை எடைபோட்ட பின்னரே அவர் மறுமொழி தந்தார் என்பது கருதத்தக்கது. அவரை முரட்டுத் துணிவினராக மட்டும் பாடும் கூத்துப் பாட்டுகள் இதனை விட்டுவிடுகின்றன. ஹெரான் வெறுங்கையனாய்த் திரும்பினான்.

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் வழியில் நத்தம் என்னும் ஊரை அடுத்துக் காடடர்ந்த கணவாய் ஒன்று உண்டு. அதனுள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செல்லமுடியும். 1755 மே மாத இறுதியில் ஹெரானுடைய படை அக்கணவாயிற் புகுந்தபோது, மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பெற்று வழி அடைபட்டிருந்தது. முன்படை ஒருவாறு நீங்கிச் சென்றது. பின்வந்த வண்டிகள் சேற்றில் அழுந்தி நின்றன. அப்பொழுது இருமருங்கும் காட்டினின்று கள்ளர் நீண்ட ஈட்டிகளோடு பாய்ந்தனர். பீரங்கி முழங்கியும் அவர்கள் பின்வாங்கவில்லை. வெடிமருந்தையும் துப்பாக்கியையும் அன்று அவர்கள் முதலிற் தேடவில்லை. "சாமி, சாமி" என்று கூவிக்கொண்டே மூட்டைகளைத் தேடினர். தேடியவற்றைக் கண்டனர், எடுத்தனர், காட்டுக்குள் மறைந்தனர். எதிரியின் ஏடே இக்கூக்குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கின்றது.

புறப்பொருள் இலக்கணம் பயின்றோர்க்கு இங்கு ஒன்று தோன்றாமற் போகாது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் செயலைக் கரந்தை என்பர் பழந்தமிழ்ச் சான்றோர். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித் திணையாகவே வைக்கும். தொல்காப்பியர் வெட்சியுள் அடக்குவார். நிரை மீட்டுப் பட்டவனுக்கு நடுகல் எடுப்பது மரபு. நத்தம் கணவாயில் நிகழ்ந்ததும் கரந்தையே. மீட்கப்பெற்றது ஆநிரையன்று, ஆநிரை காக்கும் தெய்வம் என்பதே வேறுபாடு. அவ்விலக்கணம் இயற்றப்பெற்று நூற்றாண்டுகள் பல கழிந்தும் அதன் பொருள் அக்காட்டிற் செத்துப்போகவில்லை.

ஹெரான் சென்னை மீண்டதும் படைவிசாரணைக்கு உட்பட்டு வேலையினின்று நீக்கப்பட்டான். கோயிலை எரித்தமைக்காக அன்று; கும்பினிக்குச் சேரவேண்டிய பணத்தில் கைவைத்தமையே அவன் குற்றமாயிற்று. கும்பினியின் தருமநூல் அவ்வளவே.

அவனோடு வந்த மாபூசுகானின் கதை இன்னும் வியப்புடையது. தம்பியாகிய நவாபோடு பிணங்கி, 1757க்குப் பின் அவன் பூலித்தேவரின் பக்கம் சேர்ந்தான். எந்தக் கோட்டையை வென்று திறைகொள்ள வந்தானோ அந்தக் கோட்டையின் நிழலிலேயே சில ஆண்டுகள் அடைக்கலமாய்த் தங்கினான். முன்னரே பட்டாணித் தலைவர் சிலரும் பூலித்தேவருக்குத் துணையாய் நின்றதுண்டு. சமயம் வேறு என்பதற்காக அன்று எவரும் எவரையும் ஒதுக்கவில்லை. திறை கேட்டோர் ஒருபுறம், கொடுக்க மறுத்தோர் ஒருபுறம் என்பதே அப்போரின் அணிவகுப்பு. ஒருமேனியில் இருவராய் நின்றருளும் பெருமானை வழிபட்ட பாளையக்காரருக்கு இது அரிதன்று போலும். 1760 ஜூனில் தூத்துக்குடியினின்று உலாந்தர் படை ஒன்றும் ஆழ்வார்திருநகரி வரை வந்து, யூசுபுகான் எதிர்த்து வருவதறிந்து திரும்பிப் போயிற்று.

இனி, வாசுதேவநல்லூர். மேற்கு மலைத்தொடரின் அடியில், காட்டோரமாய் அமைந்த ஊர் அது. அங்கே சிந்தாமணிநாதர் மாதொருபாகராய் எழுந்தருளியுள்ளார். சங்கரன்கோவிலில் திருமாலுக்குப் பாதி தந்த பெருமான் இங்கே உமையம்மைக்குப் பாதி தந்துள்ளார். அவ்வூரில் பூலித்தேவருக்கு ஒரு மண்கோட்டை இருந்தது. மண் என்றவுடன் எளிதாய் எண்ணிவிடலாகாது. கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டாற் கல் உடைந்து சிதறும். ஒரு கல் பெயர்ந்தால் அதன் மேலுள்ள கற்களும் சரியும். பிசைந்து அடித்து வெயிலில் இறுகிய களிமண் மதிலோ குண்டைத் தன்னுள் விழுங்கிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் பீரங்கி வந்தபின் உயர்ந்த கற்கோட்டைகளைக் கைவிட்டு, மண் நிரப்பிய தாழ்ந்த தடித்த மதில்களையே கட்டலாயினர். அவர்கள் பெரும் பொறியியல் வல்லாரை வைத்துக் கண்டதை இங்குள்ள கொத்தனும் மண்வெட்டியும் கண்டுகொண்டன. கோட்டையைச் சூழ முள்வேலி. சங்கச் சான்றோர் மிளை என்று கூறிய காவற்காட்டின் வழித்தோன்றல் அது.

1759ஆம் ஆண்டு இறுதியில் யூசுபுகான் இக்கோட்டையை முற்றுகையிட்டார். அவரோடு திருவிதாங்கூர் மன்னரின் படையும் சேர்ந்திருந்தது. அம்மன்னர் முன்னர்ப் பூலித்தேவர் பக்கம் இருந்தவர், களக்காட்டு நிலத்தின்பொருட்டுப் பக்கம் மாறினார். பீரங்கியால் மதிலில் ஒரு பிளவு உண்டாயிற்று. அதன் வழியே சிப்பாய்கள் ஏறத் தொடங்கிய அதே வேளையில், நெற்கட்டுஞ்செவ்வலினின்று தேர்ந்தெடுத்த வீரரோடு வந்து காட்டிற் பதுங்கியிருந்த பூலித்தேவர், முற்றுகையிட்டோருடைய பாசறையின் முதுகில் பாய்ந்தார். உள்ளிருந்தோரும் வெளிப்பட்டுத் தாக்கினர். இருபுறமும் நெருக்குண்ட படை பேரிழப்போடு பின்வாங்கியது. காலம் பார்த்துப் பாய்வதில் இதற்கு மேற்பட்ட திறம் எந்நாட்டுப் போர்நூலிலும் அரிது. முற்றுகை கைவிடப்பட்டது.

ஆயினும் யூசுபுகான் விடும் இயல்பினர் அல்லர். 1761 மே மாதத்தில் பெரும் பீரங்கிகளோடு மீண்டு வந்து நெற்கட்டுஞ்செவ்வல், வாசுதேவநல்லூர், பனையூர் என்னும் மூன்று கோட்டைகளையும் கைப்பற்றினார். (இப்பனையூர் சங்கரன்கோவிலை அடுத்தது, யூசுபுகான் பிறந்ததாகச் சொல்லப்பெறும் இராமநாதபுரச் சீமைப் பனையூர் வேறு. பெயர் ஒன்றாயிருத்தலாற் சிலர் மயங்குவர்.) பூலித்தேவர் இராமநாதபுரச் சீமைக்குட் சென்று மறைந்திருந்தார்.

இவ்விடத்தில் யூசுபுகானைப் பற்றியும் நடுவுநிலையோடு ஒரு சொல் உரைத்தல் வேண்டும். கோயிற் கதவுக்குப் பந்தம் ஏந்திச் சென்ற அவரே, மதுரையை ஆளும் பொறுப்பு வந்தபின் மீனாட்சியம்மை திருக்கோயில் வழிபாடு தடைப்படாவண்ணம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கினார். குடிகளைக் கொள்ளையினின்று காத்தார்; ஏரிகளைச் செப்பனிட்டார். 1763இல் அவரும் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து எழுந்தார். ஓராண்டுக்கு மேல் மதுரைக் கோட்டை முற்றுகையில் இருந்தது. பகைவர் அதனை வாளால் வென்றாரல்லர். உடனிருந்தோர் காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் உள்ளது. பூலித்தேவரை ஒடுக்கியவர், பூலித்தேவர் எதற்காகப் போரிட்டாரோ ஏறத்தாழ அதற்காகவே மாண்டார். மனிதரை நல்லார் தீயார் என்று இரு பெட்டியில் அடைத்துவிட்டால் வரலாறு எளிதாகும், உண்மையாகாது.

கான்சாகிபு மறைந்தபின் பூலித்தேவர் தம் நாட்டிற்கு மீண்டார். கோட்டைகள் மறுபடியும் எழுந்தன. 1767இல் டொனால்டு கேம்பெல் என்னும் கும்பினித் தளபதி வாசுதேவநல்லூரைச் சூழ்ந்தான். பல நாள் இடைவிடாது பீரங்கி முழங்கியது. மதில் பிளக்குந்தோறும் உள்ளிருந்தோர் பனந்தடிகளையும் வைக்கோலையும் ஈரக்களிமண்ணையும் கொண்டுவந்து பிளவை அடைத்தனர். அடைப்பவர்மீதே குண்டுகள் வீழ்ந்தன. ஒருவர் வீழ, அவர் விட்ட பனந்தடியை அடுத்தவர் ஏந்தினார். அவர் வீழ, மற்றொருவர். அஞ்சி விலகினார் இலர். இதனை வியந்து எழுதியவர்கள் குண்டு எறிந்தவர்களே. அவ்வாறு மாண்டோர் பெயர் ஒன்றேனும் அவ்வேடுகளில் இல்லை. நொச்சி என்பது மதில் காத்தல். நொச்சி மாலை சூடிப் பொருத வீரரைப் பாடியோர் உண்டு. பனந்தடி சுமந்து பொருதவரைப் பாடியோர் இலர். பின்னர் ஒருநாள் இரவு பெருமழை கொட்டியது. மழையிருளில் எஞ்சியோர் முற்றுகையை ஊடறுத்து மலைக்காட்டுக்குட் சென்றுவிட்டனர். விடிந்தபின் கேம்பெல் பிடித்தது வெறுங்கோட்டை.

ஏட்டில் பெயர் இல்லாதாரை ஊரார் நினைவு காத்துவந்துள்ளது. ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி என்னும் படைத்தலைவர் இருவரைப் பற்றிய செய்திகள் கும்பினி நூல்களில் இல்லை. நெற்கட்டுஞ்செவ்வலைச் சூழ்ந்த ஊர்களின் பாட்டிலும் கதையிலும் உள்ளன. தென்மலையில் எதிரியின் பாசறைக்குள் ஒண்டிவீரன் தனியனாய்ப் புகுந்து புல்லுக்குள் மறைந்திருந்தார் என்றும், குதிரையைக் கட்ட ஒருவன் அறைந்த முளை அவர் கையிற் பாய்ந்தும் வாய் திறவாது கிடந்தார் என்றும், பின்னர்த் தம் கையைத் தாமே வெட்டி நீக்கி எழுந்து எதிரியின் பீரங்கியை எதிரியின்மீதே திருப்பினார் என்றும் கூறுவர். வெண்ணிக்காலாடி குடல் சரிந்த வயிற்றைத் தலைப்பாகையால் இறுகக் கட்டிக்கொண்டு பொருதார் என்பர். அவர் வீழ்ந்த இடத்தைக் காலாடி மேடு என வழங்குவர். கதையில் மிகை கலந்திருக்கலாம். எதிரி எழுதிய ஏட்டில் விடுபாடு கலந்திருக்கின்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே அறிவுடைமை. ஒண்டிவீரனுக்கு 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

ஊரார் கதையை மிகையென்று முழுதும் தள்ளுவோர், ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கும்பினித் தளபதி 1830இல் வெளியிட்ட நூலை நோக்குதல் நன்று. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, பாஞ்சாலங்குறிச்சியில் 1801 மே மாதம் நிகழ்ந்ததை அவர் எழுதுகின்றார். கோட்டை வீழ்ந்தபின் களத்திற் பிணங்களினிடையே ஒரு தாய் தன் மகனைத் தேடினாள். குற்றுயிராய்க் கிடந்த மகனைக் கண்டு தூக்க முற்பட, தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி அவன் வேண்டினான். அவன் சாமி என்றது ஊமைத்துரையை. அவ்வன்னையும் உடனிருந்தோரும் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று ஒரு வீட்டிற் கிடத்தினர். தேடிவந்த எட்டயபுரத்துப் படையினர் அவ்வூரை நெருங்கினர். உடனே பெண்கள் அவர்மீது வெள்ளைத் துணியைப் போர்த்து, பிள்ளை அம்மை வார்த்து இறந்துவிட்டான் என்று கதறி அழுதனர். அம்மை என்ற சொல் கேட்டதும் வந்தவர்கள் திரும்பிப் பாராது ஓடினர். படைக்கலம் ஒன்றும் இன்றி, மாரியம்மையின் பெயர் ஒன்றையே அரணாக்கிப் பெண்கள் ஒரு படையைத் துரத்தினர். இதை ஊர்க்கதை என்று எவரும் கூறமாட்டார். எழுதியவர் எதிர்ப்படையில் இருந்தவர். ஊமைத்துரை அவ்வாண்டு நவம்பர் வரை உயிரோடிருந்து பொருது, பின்னர்த் தூக்கிலிடப்பட்டார்.

நத்தம் கணவாயில் எழுந்த குரலும் "சாமி", பாஞ்சாலங்குறிச்சிக் களத்தில் எழுந்த குரலும் "சாமி" என்பதை அன்பர்கள் நோக்கல் வேண்டும். இந்நாட்டு மக்கள் தலைவனைத் தெய்வமாக்கியது அரசனுக்கு அஞ்சியன்று. தெய்வத்தை மீட்ட கைகளே தலைவனையும் மீட்டன.

பூலித்தேவரின் முடிவுக்கு வருவோம். சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர் முதலிய தலங்களில் அவர் திருப்பணியும் கொடையும் செய்தார் என்பர். போரிடையே திருப்பணி செய்தல் இயலுமோ என்று வினவுவார்க்கு, அக்காலத்தில் பாளையக்காரருக்குக் கோயிற்காவலும் நாட்டுக்காவலும் ஒரே கடமையின் இரு கூறுகள் என்பதே விடை. கோயிற் காவலுக்கும் திருவிழாவுக்கும் உரிமையும் பொறுப்பும் பெற்றவன் அக்கோயிலுக்குரிய நிலத்தின் விளைச்சலைப் பகைவன் திறையாய்க் கொண்டுபோகப் பார்த்திருப்பானாயின், விளக்கெரிக்க நெய்யும் படைக்க அமுதும் எங்கிருந்து வரும்? திறை மறுத்ததற்கு வீரம் மட்டும் காரணமன்று. அதனுள் இக்கணக்கும் இருந்தது.

பிடிபட்ட பூலித்தேவரைக் கும்பினிப் படையினர் பாளையங்கோட்டைக்கு இட்டுச் செல்லும் வழியில், சங்கரன்கோவிலில் இறைவனை ஒருமுறை வழிபட அவர் இசைவு கேட்டார் என்றும், சந்நிதியில் நின்று உருகி வேண்டியபோது புகை சூழக் கைவிலங்குகள் தெறித்து வீழ்ந்தன என்றும், வீரர் ஓடிவந்து பார்க்கையில் அவரைக் காணவில்லை என்றும் இவ்வூர் மரபு கூறும். திருநாவுக்கரசர் கல்லிற் பூட்டப்பெற்றுக் கடலில் மிதந்த வரலாற்றை நம்புவோர்க்கு இதுவும் நம்புதற்கு அரியதன்று. ஆவணம் கேட்போர்க்குக் கூறத்தக்கது வேறு. ஓர்ம் எழுதிய நூல் 1761ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றது. பின்னர் 1881இல் திருநெல்வேலி வரலாறு எழுதிய கால்டுவெல் ஐயரும் பழைய ஏடுகளைத் தொகுத்தவரே. கும்பினியார் யாரையேனும் தூக்கிலிட்டால் அதனை ஊரறிய முழக்கி ஏட்டிலும் விரிவாய் எழுதுவது வழக்கம். 1764இல் யூசுபுகானை மதுரையிலும், 1799இல் கட்டபொம்மு நாயக்கரைக் கயத்தாற்றிலும், 1801இல் மருது சகோதரரைத் திருப்பத்தூரிலும் தூக்கிலிட்ட நாளும் இடமும் ஐயமின்றி விளங்குகின்றன. பூலித்தேவருக்கு அத்தகைய நாளும் இல்லை, இடமும் இல்லை. அவர் பிடிபட்டுத் தண்டனை பெற்றார் என்பதற்கு ஏட்டுச்சான்று காட்டினார் ஒருவரும் இலர். பன்னிரண்டாண்டு தம்மை அலைக்கழித்தவரைப் பிடித்திருப்பாராயின் கும்பினியார் வாளாவிருந்திரார். ஆகலின் அவர் பகைவர் கையில் மடியவில்லை என்னும் அளவில் ஊர்மரபும் ஏட்டின் மௌனமும் ஒத்தே நிற்கின்றன. எவ்வாறு தப்பினார் என்பதில் மரபு சந்நிதியைக் காட்டுகின்றது. ஏடு மழையிரவையும் மலைக்காட்டையும் காட்டுகின்றது.

அவர் மறைந்ததாகக் குறிக்கப்பெறும் இடம் திருக்கோயிலினுள் இன்றும் உள்ளது. அம்மை சந்நிதிக்கும் ஐயர் சந்நிதிக்கும் செல்லும் அன்பர்களுட் சிலர் அங்கும் சற்று நின்று கைகூப்பிச் செல்கின்றனர்.

திருச்சிற்றம்பலம்